மொட்டை மாடிச் சூட்டில் மின்விசிறி ஓடுமா?

கேள்வி: பெரம்பூரில் உள்ள எங்கள் வீட்டு மொட்டை மாடி, கத்திரி வெயிலில் கால் வைக்க முடியாதபடி சுடுகிறது. ரிச்சி தெருவில் கிடைக்கும் பெல்டியர் தகடுகளை (மின்சாரம் கொடுத்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் சிறு தகடுகள்) தளத்தில் பதித்து, அந்தச் சூட்டில் ஒரு மின்விசிறியை ஓட்ட இயலுமா?

பதில்: மின்சாரம் வரும், மின்விசிறி ஓடாது. வெப்பம் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, தகட்டின் இரு பக்கங்களுக்கும் இடையே வெப்பநிலை எவ்வளவு வேறுபடுகிறது என்பதே இங்கே கணக்கு. இரு வேறு உலோகங்களை இரு முனைகளிலும் இணைத்து, ஒரு முனையைச் சூடாகவும் மற்றதைக் குளிர்ச்சியாகவும் வைத்தால் அருகிலுள்ள காந்த ஊசி விலகுவதை ஜெர்மானிய இயற்பியலாளர் சீபெக் 1821-இல் கண்டார். அதை அவர் காந்த விளைவு என்றே எண்ணினார். உண்மையில் அங்கே ஓடியது மின்சாரம். பெல்டியர் தகடு குளிரூட்டுவதற்கென்று செய்யப்பட்டதாயினும், வெப்பநிலை வேறுபாடு கொடுத்தால் இதே முறையில் மின்சாரம் தரும்.

உங்கள் தளம் 60 டிகிரி செல்சியஸ், காற்று 38 டிகிரி என்று கொள்வோம். இந்த 22 டிகிரி வேறுபாட்டில், எவ்வளவு சிறந்த எந்திரமானாலும் வெப்பத்தில் 7 சதவீதத்தைக்கூட மின்சாரமாக்க இயலாது. இது பிரெஞ்சுப் பொறியாளர் கார்னோ வகுத்த எல்லை. வடசென்னை அனல்மின் நிலையத்தில் 500 டிகிரியைத் தாண்டிய நீராவியும் குளிர்விக்கக் கடல்நீரும் இருப்பதால்தான் அங்கு மூன்றில் ஒரு பங்கு அளவுக்காவது தேறுகிறது. கடையில் பரவலாகக் கிடைக்கும் 4 செ.மீ. சதுரத் தகடு, 20 டிகிரி வேறுபாட்டை முழுமையாகப் பெற்றாலும் ஏறத்தாழ 0.1 வாட்டே தரும். சிக்கனமான மின்விசிறிக்கே சுமார் 28 வாட் தேவைப்படுவதால், கிட்டத்தட்ட 300 தகடுகள் வேண்டியிருக்கும். அந்த வேறுபாடும் நிலைக்காது: தளத்தின் சூடு தகட்டின் வழியே ஏறி மேல்பக்கத்தையும் சூடாக்கிவிடும், வெயிலும் மேலிருந்தே காயும்.

அந்தப் பணத்துக்குச் சூரிய மின்தகடு ஒன்றை வாங்குவதே என் பரிந்துரை. அது வெப்பத்தை அல்ல, ஒளியை மின்சாரமாக்குவது. சூடேறினால் அதன் திறன் சற்றுக் குறையும் என்றாலும், நடுப்பகலில் ஒரு மின்விசிறியைத் தாராளமாக ஓட்டும், தளத்துக்கு நிழலும் தரும்.

ஆர்வத்துக்காகச் சோதிப்பதானால், ஒரே ஒரு தகட்டை வெந்நீர்ப் பாத்திரத்துக்கும் ஐஸ் வைத்த அலுமினியத் தட்டுக்கும் நடுவே வைத்துப் பாருங்கள். அடுப்புத் தீயில் நேரடியாகக் காட்ட வேண்டாம். குளிரூட்டும் தகடுகள் பலவற்றின் உள்ளே இணைப்புகளைப் பிடித்திருக்கும் பற்றாசு (சால்டர்) 138 டிகிரியிலேயே உருகிவிடும்.