குரங்கு இருக்கட்டும், தூக்குப்போசி எதற்கு?

கேள்வி: மகனுக்கு ஆறு வயது. மாமனார் ராத்திரியானால் குரங்கு ஆப்பைப் பிடுங்கியது, நரி நீலச் சாயத்தொட்டியில் விழுந்தது என்று சேட்டைக் கதைகளாகவே சொல்வார். போன மாதம் பையன் கன்றுக்குட்டியின் முளைக்குச்சியைப் பிடுங்கிவிட்டான். பால் முழுக்கக் கன்று குடித்துவிட்டது, அன்று சொசைட்டிக்கு ஊற்றப் பால் இல்லை. இனிமேல் இந்தக் கதைகள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பீட்டர் முயல் புத்தகம் வாங்கி நானே படித்துக் காட்டுகிறேன். மாமாவுக்கு இப்போது தோட்டத்துச் சாளை வீட்டுக்கே தூக்குப்போசியில் சோறு கொடுத்தனுப்பிவிடுகிறோம். பையன் நான் படிப்பதைக் கேட்பதே இல்லை. என்ன செய்வது?
- ஒரு தாய், கோபி பக்கம்

பதில்: அம்மணி, உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். மூன்று பக்கத்தில் குரங்குக்கு ஒன்றரைப் பக்கம், பாலுக்கு ஒரு பக்கம், மாமனார் சோற்றுக்கு ஒரே ஒரு வரி. எனக்கு அந்த வரியைத் தாண்ட முடியவில்லை.

எத்தனை நாளாகப் போசி போகிறது? கதை சொல்லாதீங்க என்று சொன்ன மறுநாளிலிருந்துதானே? வயசான மனுஷன் ரோசத்தை வாய்விட்டுச் சொல்லமாட்டார். 'கரண்டு எப்ப வருமோ, மோட்டார் போடோணும், சாளையிலேயே படுத்துக்கறேன்' என்பார். நீங்களும் சரி என்று ரசத்தை ஊற்றி மூடிக் கொடுத்துவிட்டீர்கள்.

ஆறு வயசுப் பையன் முளைக்குச்சி பிடுங்க பஞ்சதந்திரம் படித்திருக்க வேண்டுமா என்ன? அந்தக் கதையில் தச்சன் பாதி பிளந்து ஆப்படித்து வைத்த மரத்தில், வேலையத்த குரங்கு ஏறி உட்கார்ந்து ஆப்பைப் பிடுங்கி, நசுங்கிச் செத்துப்போகிறது. (வால் மாட்டியது என்று நாம் சொல்கிறோம், மூலத்தில் மாட்டியது வாலே இல்லை, அதை எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.) அந்த இடம் வரும்போது பையன் அப்பாரு (தாத்தா) வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொள்வானே, ஒருநாளாவது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தீர்களா?

சரி, சாதுவான கதை என்று வாங்கினீர்களே அந்த முயல். உடம்பு முடியாமல் படுத்திருந்த ஒரு ஐந்து வயசுப் பையனுக்கு 1893-ல் பியாட்ரிக்ஸ் பாட்டர் படம் போட்டு எழுதிய கடிதம் அது, 1902-ல் கடைக்கு வந்த புத்தகம். ஆரம்பத்திலேயே முயலின் அப்பனைத் தோட்டக்காரர் பெண்டாட்டி மாவுக்குள் வைத்துச் சுட்டாயிற்று! அதைக் கேட்டபிறகும் குட்டி அதே தோட்டத்துக்குள் நுழைந்து, வயிறு வலிக்க முள்ளங்கியும் கீரையும் திருடித் தின்று, பதினைந்து நாளில் இரண்டாவது சட்டையைத் தொலைத்துவிட்டு வருகிறது. அம்மா முயல் என்ன செய்தாள்? சீமைச் சாமந்திக் கசாயம் வைத்துக் கொடுத்துப் படுக்கப்போட்டாள். சொந்த வளையில்தான் அம்மணி, தோட்டத்துச் சாளையில் இல்லை.

நீங்கள் படிப்பதைப் பையன் எப்படிக் கேட்பான்? குச்சியைப் பிடுங்கியது அவன், வீட்டை விட்டுப் போனது அப்பாரு. அது அவனுக்குப் புரியாது என்று நினைக்காதீர்கள். பெற்றவரைத் தனியாகச் சாப்பிட விட்டுவிட்டு உங்கள் வீட்டுக்காரர் என்ன பண்ணிக்கொண்டிருக்கிறார் என்றும் கேட்கவேண்டும், அவரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

இன்றைக்குப் பொழுது சாய்ந்ததும் போசியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பையனைக் கூட்டிக்கொண்டு நீங்களே சாளைக்குப் போங்கள். 'சாப்பிட வாங்க மாமா' என்றால் போதும், மற்றதை அவன் பார்த்துக்கொள்வான். அப்புறம் அந்த முளைக்குச்சி, கன்று அசைத்தாலும் வராத மாதிரி எப்படி அடிப்பது என்று அவர் கையால் பேரனுக்குக் காட்டச் சொல்லுங்கள்.