டெண்டர் இல்லாமல் பெல்ஜிய நீராவி ரயில் எஞ்சின்கள் எப்படி ஓடின?

கேள்வி நியாயமானதுதான்: கரியும் தண்ணீரும் ஏற்றிவரும் தனிவண்டியான டெண்டர் இல்லாவிட்டால் எஞ்சின் எவ்வளவு தூரம் போகும்? தூரம் குறைவென்றால் தாராளமாகப் போகும்.

ஆன்ட்வெர்ப்–கென்ட் பாதையைப் பாருங்கள். பொறியாளர் டி ரிடர் சிக்கனமாகப் போட்ட பாதை அது. முதல் பகுதி 1844இல் திறந்தது. தண்டவாள அகலம் சுமார் 1.15 மீட்டர்தான், வழக்கமான 1.435 இல்லை. மொத்த நீளமே ஏறக்குறைய 50 கிலோமீட்டர். இவ்வளவுக்கு டெண்டர் எதற்கு? தண்ணீரையும் எரிபொருளையும் எஞ்சினே சுமந்தது. இழுத்துத் திரிய ஒரு வண்டி குறைவு, பின்னோக்கி ஓடும்போதும் பார்வை மறையாது.

அந்தப் பாதையில் ஓடிய ‘பே த வாஸ்’ என்ற எஞ்சின் இன்றும் இருக்கிறது. மூன்று அச்சு, நடு அச்சு மட்டுமே இழுக்கும், முன்னும் பின்னும் உள்ளவை பாரம் தாங்க. சிக்கலும் இங்கேதான். தண்ணீர் தீரத் தீர எஞ்சினின் எடை குறையும். இழுக்கும் சக்கரத்தின் பிடிமானமும் தளரலாம். லேசான பயணி ரயிலுக்குப் பரவாயில்லை, சரக்குக்கு என்றால் நான் இதை நம்பமாட்டேன். எல்லாச் சக்கரங்களையும் இணைத்த டேங்க் எஞ்சின்கள் (இப்படித் தண்ணீரைத் தாமே சுமப்பவை) பின்னால் பெருகியதற்கு இந்தப் பிடிமானமே முக்கியக் காரணம்.

நேரில் பார்க்க பிரஸ்ஸல்ஸ் அருகே ஸ்கார்பேக்கில் உள்ள ‘டிரெய்ன் வேர்ல்ட்’ அருங்காட்சியகத்துக்குப் போகலாம்.