விண்கலத்தில் ஓடும் சீரியலா?

கேள்வி: கதையைவிடக் கதாபாத்திரமே பெரிது என்று பலரும் புகழும் சயின்ஸ் ஃபிக்‌ஷன், ஃபேன்டஸி நாவல்களாகப் பொறுக்கி ஆறு மாதமாகப் படித்தேன். உர்சுலா லெ குவின் நாவலில் இரண்டு பேர் பனியில் நடக்கிறார்கள், நடக்கிறார்கள், நடந்துகொண்டே இருக்கிறார்கள். முப்பது பக்கத்தைத் தள்ளிவிட்டேன், ஒன்றும் குறையவில்லை. ஆக்டேவியா பட்லரின் கதாநாயகி 150 வருஷத்துக்கு மேல் பின்னால் போகிறாள், எப்படிப் போனாள் என்று கடைசிவரை சொல்லவே இல்லை. என் பாட்டி சொன்ன கதைகளில்கூட ஒரு கிழவி வந்தால் அடுத்த நிமிஷம் ஏதாவது நடக்கும்! இதெல்லாம் விண்கலத்துக்குள் வைத்து எடுத்த டிவி சீரியல்தானே? நம் நாட்டில் பிறந்த டோல்கியனே தேவலை.
— ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: டோல்கியனிடமிருந்தே ஆரம்பிக்கிறேன். அவர் ப்ளூம்ஃபான்டைனில் 1892 ஜனவரி 3 அன்று பிறந்தது உண்மைதான். மூன்று வயதில் அம்மா இங்கிலாந்துக்குக் கூட்டிப் போனார், அதோடு சரி. அந்த ஊர் இருந்த ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட்டில் அதற்கு முந்தைய வருஷம்தான் இந்தியர்கள் வியாபாரமோ விவசாயமோ செய்யக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். 1980களின் நடுப்பகுதிவரை நம்மவர்கள் அங்கே குடியிருக்க முடியாது. ஆகவே ‘நம் நாட்டில் பிறந்தவர்’ என்று நெஞ்சை நிமிர்த்துமுன் கொஞ்சம் யோசியுங்கள்.

அதோடு, அவர் உங்கள் கட்சிக்குச் சாட்சி சொல்ல வரமாட்டார். ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ என்ற அவருடைய மோதிரக் கதையில் என்ன செய்கிறார்கள்? நடக்கிறார்கள். லெ குவினின் இரண்டு பேரைவிட அதிகமாகவே நடக்கிறார்கள். நடுநடுவே வாள் வீச்சு இருப்பதால் உங்களுக்குக் கால் வலிக்கவில்லை, அவ்வளவுதான். மோதிரத்தை அழிக்கவென்றே அத்தனை தூரம் நடந்து நெருப்பு மலையின் விளிம்பில் நிற்கும் ஃப்ரோடோ மோதிரத்தைத் தூக்கி எறிவதில்லை. இது என்னுடையது என்கிறான். அந்த இடத்தில் படித்தவர் மனம் பதறியதற்கு எந்த வாளும் காரணமில்லை.

இப்போது நீங்கள் தள்ளிவிட்ட முப்பது பக்கத்துக்கு வருகிறேன். 1969-ல் வந்த ‘த லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்’ என்ற நாவல் அது. அந்தக் கிரகத்து மனிதர்கள் ஆணுமில்லை, பெண்ணுமில்லை. மாதத்தில் சில நாள் மட்டும் ஏதாவது ஒன்றாக மாறுவார்கள். பூமியிலிருந்து தூதனாகப் போனவனுக்கு எஸ்த்ராவன் என்ற ஒருவர்மேல் முதல் பக்கத்திலிருந்தே நம்பிக்கை வரவில்லை. எதிரில் நிற்பவரை எந்தப் பெட்டியில் போடுவது என்று தெரியாததுதான் அந்தச் சந்தேகத்தின் வேர். தனக்காகப் பதவியையும் நாட்டையும் இழந்தவர் அவர் என்பதே அவன் கண்ணில் படவில்லை. பனிப்பாலையில், சின்னக் கூடாரத்துக்குள், அளந்து வைத்த சாப்பாட்டோடு இரண்டு பேர் மட்டும் மாட்டிக்கொண்ட பிறகுதான் எதிரில் இருப்பவரை முழுசாகப் பார்க்கிறான். நாவல் நடப்பதே அங்கேதான், ஐயா. கல்யாண வீட்டுக்குப் போய், தாலி கட்டும் நேரத்தில் வெளியே நின்று போன் பேசிவிட்டு ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்கிறீர்கள்.

சீரியல் என்றீர்களே, அதில் பாதி நியாயம் உண்டு. ‘கதாபாத்திரம்’ என்ற பேரில் இப்போது வருகிற பல புத்தகங்களில் ஆட்கள் தங்கள் மனசைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்; அது புலம்பல். எது எது என்று தெரிந்துகொள்ள நான் செய்வது ஒன்றுதான்: விண்கலத்தைக் கழற்றிப் பார்ப்பேன். கழற்றிய பிறகும் மாமியார் மருமகள் சண்டை அப்படியே நின்றால் அது சீரியல்தான், தூக்கிப் போடுங்கள்.

பட்லரின் 1979 நாவலான ‘கிண்ட்ரட்’டில் அப்படிக் கழற்றிப் பாருங்கள். 1976-ல் கலிஃபோர்னியாவில் வாழும் கறுப்பினப் பெண் டேனா, அடிமை முறை நடக்கும் மேரிலாந்துக்குத் திரும்பத் திரும்ப இழுக்கப்படுகிறாள். இழுப்பவன் ஒரு வெள்ளைக்கார முதலாளியின் மகன். அவன் உயிருக்கு ஆபத்து வரும்போதெல்லாம் இவள் போய்க் காப்பாற்ற வேண்டும். ஏனென்றால் அவன் இவளுடைய மூதாதை. அவன் அடிமைப் பெண் ஒருத்தியைக் கெடுத்துப் பெறப்போகும் பிள்ளையிலிருந்துதான் இவள் வம்சம் வருகிறது. அவனைச் சாக விட்டால் இவளே இல்லை. காப்பாற்றினால் அந்தப் பெண்ணுக்கு நடப்பதற்கு இவளும் உடந்தை. காலப் பயணத்தை எடுத்துவிட்டால் இந்த இக்கட்டு உலகத்தில் எங்கேயும் இருக்க முடியாது. எந்த மெஷினில் போனாள் என்று கேட்கிறீர்கள். மெஷின் வந்திருந்தால் நீங்களும் நானும் அதன் பல்சக்கரத்தைத்தான் எண்ணிக்கொண்டிருப்போம்.

டர்பனைச் சுற்றியுள்ள இந்த நேட்டாலில் இருந்துகொண்டு அந்தக் கதை உறைக்கவில்லை என்றால் எனக்கு ஆச்சரியம்தான். 1860 முதல் 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்து இறங்கினார்கள். கப்பல் பதிவேட்டில் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு எல்லாம் இருக்கிறது. பூட்டியின் எண்ணைத் தேடி எடுத்துச் சட்டம் போட்டு மாட்டுகிறோம். அவள் ஏன் கப்பல் ஏறினாள், எதை விட்டு ஓடினாள் என்பதற்கு அதில் ஒரு கட்டம் கிடையாது. பட்லர் அவருடைய மக்களுக்காக எழுதியது அந்தக் கட்டத்தைத்தான்.

‘ஏதாவது நடக்க வேண்டும்’ என்ற உங்கள் கட்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்று பேர் ஒட்டிக்கொண்ட தெருக்கூத்தை விடிய விடிய உட்கார்ந்து பார்த்த சனங்களுக்குத் தருமன் சூதில் தோற்பான் என்று தெரியாதா? திரௌபதி கூந்தலை அவிழ்த்துக்கொண்டு நிற்கும்போது என்ன சொல்வாள் என்று தெரியாதா? அடுத்தது என்ன என்று அறிய யாரும் பாயை எடுத்துக்கொண்டு போகவில்லை.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் ‘கிழவி’ என்பது ‘கிளவி’ என்று இருந்தது. அச்சில் திருத்திவிட்டேன். இலக்கணத்தில் கிளவி என்றால் சொல், அதனால் பெரிய குற்றமில்லை. வார இறுதி வகுப்பில் கற்ற தமிழில் இவ்வளவு காரமாக எழுதுகிறீர்களே என்று சந்தோஷம்தான். ஆனால் பிழையைப் பார்த்ததும் டேனியல் கீஸ் எழுதிய ‘ஃப்ளவர்ஸ் ஃபார் ஆல்ஜெர்னான்’ கதையின் சார்லி நினைவுக்கு வந்தான். பேக்கரியில் வேலை செய்யும், புத்தி வளர்ச்சி குறைந்தவன் சார்லி. அவனே எழுதும் அறிக்கைகள்தான் கதை. முதலில் வரிக்கு வரி எழுத்துப் பிழை. மூளையில் அறுவை சிகிச்சை நடக்கிறது, பிழைகள் மறைகின்றன, வாக்கியங்கள் நீள்கின்றன. நண்பர்கள் என்று நம்பியவர்கள் இத்தனை நாள் தன்னைக் கேலி செய்துதான் சிரித்தார்கள் என்பதும் அப்போதுதான் புரிகிறது. பிறகு ஒரு பக்கத்தில் ஒரு பிழை திரும்பி வருகிறது. ஒரே ஒரு எழுத்து. எனக்கு அங்கே புத்தகத்தை மூடி வைக்க வேண்டியதாயிற்று. 1959-ல் சிறுகதையாக அது வருமுன், முடிவைச் சந்தோஷமாக மாற்றித் தரும்படி ஒரு பத்திரிகை ஆசிரியர் கேட்டார். கீஸ் மறுத்து வேறு பத்திரிகைக்குக் கொடுத்தார். பத்திரிகை ஆசிரியர்கள் சொல்வதையெல்லாம் கேட்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

ஆனாலும் நான் சொல்வதைக் கேளுங்கள். அந்த முப்பது பக்கத்தைப் படித்துவிட்டு மறுபடி திட்டி எழுதுங்கள். அடுத்த இதழில் இடம் விட்டு வைக்கிறேன்.