தோளில் ஒரு துணி: வாசகர் கேள்வி பதில்

உடை தொடர்பாக அண்மையில் வந்த கடிதங்களுள் ஐந்தை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: என் மகளுக்கு ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியர் வேலை கிடைத்திருக்கிறது. நாள்தோறும் இருபது கிலோமீட்டர் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு போகிறாள். சுடிதார் கூடாது, சேலைதான் கட்டி வர வேண்டும் என்று நிர்வாகம் சொல்கிறது. ஆண் ஆசிரியர்கள் வேட்டி கட்டித்தான் வர வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. நாங்கள் என்ன செய்யலாம்?
– ஒரு தாய், தென்காசி

அரசு தன் சொந்த அலுவலகத்தில் எதை ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். தலைமைச் செயலக ஊழியர்களுக்காகத் தமிழ்நாடு அரசு 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆணை, பெண்கள் சேலையோ சல்வார் கமீஸோ துப்பட்டாவுடன் சுடிதாரோ அணியலாம் என்கிறது. மாநிலத்தின் கோப்புகளெல்லாம் கடந்து போகும் கட்டடத்தில் கண்ணியமாகக் கருதப்படும் உடை, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்னால் மட்டும் எப்படிக் கண்ணியக் குறைவாகும் என்று நிர்வாகத்திடம் பணிவாகக் கேட்கலாம். கேரளத்தில் ஆசிரியைகள் மீது சேலையைத் திணிக்கக் கூடாது என்று அம்மாநில உயர்கல்வித் துறை 2021 நவம்பரில் தெளிவுபடுத்தியதையும் எடுத்துச் சொல்லலாம். தனியார் பள்ளியை இந்த ஆணைகள் நேரடியாகக் கட்டுப்படுத்தா என்பது உண்மைதான். ஆனாலும் ஒருவர் தனியாகப் போய்க் கேட்பதைவிட, பள்ளியின் ஆசிரியைகள் அனைவரும் கையெழுத்திட்டு எழுத்தில் கேட்கும்போது நிர்வாகங்கள் இறங்கி வருவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

பாதுகாப்பையும் அந்தக் கடிதத்தில் எழுதுங்கள். பின்னால் அமர்பவரின் உடை சக்கரத்தில் சிக்காதிருக்க, இருசக்கர வாகனத்தின் பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி கூறுகிறது. முந்தானை சக்கரத்தில் சிக்கும் ஆபத்தைச் சட்டம் அறிந்திருக்கிறது. ஆனால் அந்த விதியை எழுதியவர்கள் பெண்ணைப் பின்னிருக்கையில் வைத்துத்தான் நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். உங்கள் மகள் முன்னிருக்கையில் அமர்ந்து ஓட்டிச் செல்கிறாள்.

ஆண்களைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பது சரியே. 2014 ஜூலையில் வேட்டி கட்டி வந்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரைக் கிரிக்கெட் சங்க வளாகத்தில் இருந்த ஒரு மனமகிழ் மன்றத்துக்குள் விட மறுத்தபோது, அடுத்த மாதமே சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. வேட்டியோ வேறு இந்திய மரபுடையோ அணிந்தவரைத் தடுக்கும் மன்றத்தின் உரிமம் ரத்தாகும்; பொறுப்பானவருக்கு ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். அந்தச் சட்டத்தை நான் முழு மனத்துடன் வரவேற்கிறேன். ஓர் ஆணின் உடைக்கு நேர்ந்த அவமதிப்பைத் துடைக்க ஒரு மாதம் போதுமாயிருந்தது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறேன்.

கேள்வி: தோளில் துப்பட்டா இல்லாமல் தெருவில் இறங்கக் கூடாது என்று என் பாட்டி கண்டிக்கிறார். அதே பாட்டிதான் நம் முன்னோரான பெண்கள் தோள்சீலைக்காக அடிபட்ட கதையைப் பெருமையோடு சொல்வார். இரண்டும் எனக்குப் பொருந்தவில்லை. பாட்டி சொல்வதில் எது சரி?
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

உங்கள் கேள்வியைப் படித்தபின் இரண்டு நாள் வேறு கடிதம் எதையும் நான் பிரிக்கவில்லை. உங்கள் மாவட்டத்தின் வரலாறு முழுவதும் அதற்குள் இருக்கிறது.

திருவிதாங்கூர் அரசின் தென்பகுதியாக இருந்த அந்த நிலத்தில், மேலாடை என்பது மானத்தை மறைக்கும் துணியாக அல்ல, படிநிலையைக் காட்டும் அடையாளமாகவே இருந்தது. தம்மைவிட உயர்ந்தவர் எனக் கருதப்பட்டவர் முன்னே மார்புத் துணியை விலக்கி நிற்பதே மரியாதை எனப்பட்டது. நாயர் பெண்களும் நம்பூதிரிகள் முன்னிலையில் அந்த வழக்கத்துக்கு உட்பட்டிருந்தார்கள். ஏணியின் கீழ்ப்படிகளில் வைக்கப்பட்ட நாடார் பெண்களுக்கும், அவர்களுக்கும் கீழே தள்ளப்பட்ட சாதிகளின் பெண்களுக்கும் மேலாடை அறவே மறுக்கப்பட்டது. ஆண்களும் முழங்காலுக்குக் கீழே வேட்டியை இறக்கிக் கட்ட முடியாது. ஆகவே ஒருவரைப் பார்த்த கணத்திலேயே அவர் யாருக்குப் பணிய வேண்டியவர் என்பது தெரிந்துவிடும்; உடைக் கட்டுப்பாட்டின் வேலையே அதுதான்.

கிறித்தவத்தைத் தழுவிய பெண்கள் குப்பாயம் என்னும் தைத்த சட்டையை அணியலாம் என்று, திருவிதாங்கூரில் பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியாக (ரெசிடென்ட்) இருந்த கர்னல் ஜான் மன்றோ 1810களில் அனுமதித்தார். குப்பாயம் கிடைத்தும் அந்தப் பெண்கள் அமைதியடையவில்லை. மேல்சாதிப் பெண்கள் போடுவதைப் போன்ற அதே தோள்சீலையைத் தாங்களும் போட்டுக்கொண்டார்கள். உடலை மறைப்பது மட்டுமே நோக்கமாயிருந்தால் குப்பாயமே போதும். அவர்கள் கேட்டது துணியை அன்று, சமத்துவத்தை. எதிர்த்தரப்பும் அதைச் சரியாகவே புரிந்துகொண்டதால்தான் 1822இல் கல்குளம் பகுதியில் கலவரம் வெடித்தது. சந்தைக்கு வந்த பெண்களின் மேலாடைகள் கிழிக்கப்பட்டன. 1823இல் பத்மநாபபுரம் நீதிமன்றம் கிறித்தவப் பெண்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1829இல் அரசின் பிரகடனம் மேலாடையை மறுபடியும் மறுத்துக் குப்பாயத்தை மட்டும் விட்டுவைத்தது. 1858-59இல் வீடுகளும் வழிபாட்டுக் கூடங்களும் எரிந்த மூன்றாம் கட்டத்துக்குப் பிறகு, சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் கொடுத்த அழுத்தத்தால், 1859 ஜூலை 26 அன்று திருவிதாங்கூர் மன்னர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா ஒரு பிரகடனம் வெளியிட்டார். எந்தச் சமயத்தைச் சேர்ந்தவராயினும் நாடார் பெண்கள் மேலாடை அணியலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் அணியக் கூடாது என்பதே அதன் சாரம். முப்பத்தேழு ஆண்டுப் போராட்டத்துக்குப் பின்னரும் அந்த ‘ஆனால்’ ஒட்டிக்கொண்டிருந்ததைப் பாருங்கள்.

இந்தப் போராட்டம் சமய மாற்றத்தால் மட்டும் நிகழ்ந்ததாகச் சொல்பவர்கள், கிறித்தவம் தழுவாத அய்யா வழியினரின் தலைமைப் பதியான சாமித்தோப்பை மறந்துவிடுகிறார்கள். வழிபட வரும் ஆண்கள் தலைப்பாகை கட்டி வர வேண்டும் என்று அய்யா வைகுண்டர் சொன்னது, தலைப்பாகை தடுக்கப்பட்டிருந்தவர்களிடம். நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரிப் பெண் கற்றுக்கொடுத்த லேஸ் பின்னும் தொழில் இன்னொரு கதை. அதில் கிடைத்த கூலியைச் சேர்த்து, அடிமையாயிருந்த சில பெண்கள் தம் விடுதலையையே விலைக்கு வாங்கினார்கள். கையில் சொந்தக் காசு வந்த பெண்ணின் தோளில் இருந்து துணியைப் பறிப்பது கடினமாயிற்று.

இனி உங்கள் பாட்டியிடம் வருவோம். அவருக்குத் தோளில் கிடக்கும் துணி, அடிபட்டுப் பெற்ற மரியாதை. அது இல்லாமல் பேத்தி தெருவில் இறங்கும்போது, பறிக்கப்பட்ட நாளின் அச்சம் அவருக்குள் எழுகிறது; அந்த அச்சத்தை நீங்கள் மதிக்க வேண்டும். ஆயினும் அவருடைய முன்னோர் போராடியது, தம் தோளில் என்ன கிடக்க வேண்டும் என்பதைப் பிறர் தீர்மானிக்கக் கூடாது என்பதற்காக. அன்று ‘போடாதே’ என்ற கட்டளையை மீறினார்கள். இன்று ‘போடு’ என்று கட்டளையிடப்படுகிறது. இரண்டு கட்டளைகளும் பெண்ணைக் கேட்காமல்தான் பிறக்கின்றன. இதைப் பாட்டியிடம் வாதமாகச் சொல்லாதீர்கள். அவர் கதை சொல்லும்போது, அந்தப் பெண்களைப் பார்த்து ஊர் என்ன பேசியது என்று ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். ‘திமிர் பிடித்தவர்கள்’ என்று பேசியிருக்கும். மீதியை அவரே யோசித்துக்கொள்வார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 9ஆம் வகுப்பு வரலாற்று நூலில் இந்தப் போராட்டம் இடம்பெற்றிருந்த பகுதியைத் தேர்வுக்குரியதன்று என்று மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2016 டிசம்பரில் நீக்கியது. தோள்சீலைப் போராட்டத்தின் 200ஆம் ஆண்டு விழா 2023 மார்ச்சில் நாகர்கோவிலில் தமிழக, கேரள முதலமைச்சர்கள் பங்கேற்க நடந்தது எனக்கு மகிழ்ச்சி தந்தது. எனினும் விழா ஒரு நாளில் முடிந்துவிடும். பாடம்தான் ஆண்டுதோறும் வகுப்பறைக்கு வரும். அது இல்லாத வரையில், பாட்டி சொல்வதை நீங்கள் எழுதி வையுங்கள்.

கேள்வி: உரிமை எல்லாம் சரி. ஆனால் பெண்கள் அடக்கமாக உடுத்தினால் தொல்லைகள் குறையும் என்று ஒரு தகப்பனாக நான் நினைப்பது தவறா?
– ஒரு வாசகர், ஈரோடு

உங்கள் கவலை தவறன்று, முடிவு தவறு. பள்ளிச் சீருடையில் இருந்த சிறுமிகளும், நூல் புடவை கட்டி வயலில் களை எடுத்தவர்களும், பர்தா அணிந்தவர்களும், எழுபது வயது மூதாட்டிகளும் வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார்கள். இவர்கள் அனைவருக்கும் பொதுவாக இருந்தது உடை அன்று. தன்னை யாரும் தட்டிக் கேட்கப் போவதில்லை என்ற ஆணின் துணிவே. 2022இல் கோழிக்கோடு அமர்வு நீதிமன்றம் ஒரு முன்ஜாமீன் ஆணையில், புகார் கொடுத்த பெண்ணின் உடை பாலியல் உணர்வைத் தூண்டுவதாக இருந்தது என்று எழுதியது. அந்த வரியைக் கேரள உயர் நீதிமன்றம் நீக்கியது; பெண்ணின் உடை, அவளை மானபங்கம் செய்ய ஆணுக்குக் கொடுத்த உரிமம் ஆகாது என்றும் கூறியது.

உங்களுக்கு மகள் இருந்தால், ‘இந்த உடையில் போகாதே’ என்று நீங்கள் சொல்லும் ஒவ்வொரு முறையும் அவள் இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறாள்: நாளை ஏதேனும் நடந்தால் அப்பா முதலில் என் உடையைப் பற்றித்தான் கேட்பார். அதன் பிறகு அவள் உங்களிடம் எதையும் சொல்ல மாட்டாள். அவளைக் காக்க நினைக்கும் ஒரு தகப்பனுக்கு அதைவிடப் பெரிய இழப்பு எது?

கேள்வி: தலைத்துணியை நான் என் விருப்பத்தால் அணிகிறேன். அலுவலகத்தில், ‘உங்கள் வீட்டில் கட்டாயப்படுத்துகிறார்களா’ என்று இரக்கத்தோடு கேட்கிறார்கள். பதில் சொல்லிச் சலித்துவிட்டேன். பெண்ணுரிமை பேசுபவர்களே எங்களைச் சேர்த்துக்கொள்ளத் தயங்குவது ஏன்?
– ஒரு வாசகி, ஆம்பூர்

மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில்தான் நாங்கள் நிற்கிறோம். ஒரு பெண்ணின் சொல்லை நம்ப வேண்டும் என்று மேடையில் பேசிவிட்டு, ‘நான் விரும்பி அணிகிறேன்’ என்று அவள் சொல்லும்போது மட்டும் நம்ப மறுப்பது நேர்மையன்று.

ஈரானின் கதை இதை எனக்குத் தெளிவாக்கியது. 1936இல் ரேசா ஷா முக்காட்டைத் தடை செய்தார். காவலர்கள் தெருவில் பெண்களின் முக்காட்டை இழுத்துக் களைந்தார்கள். வெறுந்தலையோடு வெளியே வர மனமில்லாத பெண்கள் பலர் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தார்கள். 1979 புரட்சிக்குப் பிறகு, 1983இல் முக்காடு சட்டப்படி கட்டாயமாயிற்று. 2022 செப்டம்பரில், முக்காட்டைச் சரியாக அணியவில்லை என்று பிடித்துச் செல்லப்பட்ட 22 வயது மாஷா அமினி காவலில் இருந்தபோது உயிர்நீத்தார். நாடு முழுவதும் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். அங்கே முக்காட்டைக் கழற்றி எறிந்த பெண்ணும், இங்கே அதை அணிந்துகொண்டு வகுப்பறைக்குள் போக வேண்டும் என்று கேட்ட கர்நாடக மாணவியும் கேட்டது ஒன்றையே. அந்த மாணவிகளின் வழக்கில் 2022 அக்டோபர் 13 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்பளித்தார்கள். தடை செல்லாது என்று கூறிய நீதிபதி சுதான்ஷு தூலியா, பெண் பிள்ளைகளின் கல்வியையே முதன்மையாக எடுத்துக்கொண்டார். நானும் அவர் பக்கமே நிற்கிறேன். வாசலில் ஒரு துணிக்காகத் திருப்பி அனுப்பப்படும் பெண்ணுக்கு, வீட்டில் உண்மையிலேயே கட்டாயம் இருந்தால்கூட, அதை எதிர்க்கும் வலிமையைத் தரப்போவது அந்தப் பள்ளிதான்.

உங்கள் அலுவலகத் தோழியருக்கு ஒவ்வொரு முறையும் விளக்கம் கொடுக்க நீங்கள் கடமைப்பட்டவர் அல்லர். ‘உங்கள் நெற்றிப் பொட்டைப் பற்றி நான் கேட்டதில்லையே’ என்று ஒருமுறை அன்போடு சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: மகனாகப் பிறந்த என் மூத்த பிள்ளை இப்போது திருநங்கையாக வாழ்கிறாள். அடுத்த மாதம் இளைய மகளின் திருமணம். பட்டுச்சேலை கட்டி வர ஆசைப்படுகிறாள். உறவினர்கள் பேசுவார்களே என்று அவள் அப்பா அஞ்சுகிறார். அன்று ஒருநாள் மட்டும் பேன்ட், சட்டையில் வரச் சொல்லலாமா?
– ஒரு தாய், விழுப்புரம்

வேண்டாம், அம்மா. ‘வாழ்கிறாள்’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு சொல்லில் நீங்கள் பாதித் தொலைவைக் கடந்துவிட்டீர்கள். அன்று ஒருநாள் பேன்ட், சட்டையில் வரச் சொல்வது, தங்கையின் திருமணப் படத்தில் அவள் வேறொருவராக நிற்க வேண்டும் என்று கேட்பதாகும். அந்தப் படம் வீட்டுச் சுவரில் ஆண்டுக்கணக்கில் தொங்கும். தான் எந்தப் பாலினத்தவர் என்பதை உடையின் வழியே வெளிப்படுத்துவதும் பேச்சுரிமையின் ஒரு பகுதியே என்று 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. நாட்டின் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஒன்றைச் சித்தப்பா வீட்டார் ஏற்றுக்கொள்ளச் சிறிது காலம் ஆகலாம்.

அவர்கள் பேசத்தான் செய்வார்கள். ஆனால் பெற்றவர்கள் தயங்கி நிற்கும் இடத்தில்தான் உறவினரின் வாய் அகலத் திறக்கும். வாசலில் பன்னீர் தெளிக்க அவளை நிறுத்தி, வருகிறவர்களிடம் ‘என் மூத்த மகள்’ என்று நீங்களே முதலில் சொல்லிவிட்டால், அதற்குமேல் கேட்கப் பெரும்பாலோர்க்கு நா எழாது. அவள் அப்பாவிடம் இந்தப் பக்கத்தைப் படிக்கக் கொடுங்கள். முகூர்த்தப் புடவை எடுக்கப் போகும்போது அவளையும் கடைக்கு அழைத்துச் சென்று, அவளுக்குப் பிடித்த நிறத்தில் ஒன்று எடுத்துவிடுங்கள். ரவிக்கை தைக்க நாளாகும். அளவு கொடுக்க இந்த வாரமே போய் வாருங்கள்.