கணினியை எண்ணெயில் மூழ்கடித்தால் சூடு குறையுமா?

கேள்வி: வீடியோ தொகுப்புக்காக நான் பயன்படுத்தும் மேசைக் கணினி, கோடையில் அரை மணி நேரத்திலேயே சூடேறித் தானாக அணைந்துவிடுகிறது. அறை வெப்பம் 38 டிகிரி வரை போகிறது, ஏசி இல்லை. மீன் தொட்டியில் எண்ணெய் ஊற்றி அதற்குள் கணினியை இறக்கிவிடலாம் என்கிறார் நண்பர். தேங்காய் எண்ணெய் போதுமா?

பதில்: நண்பர் சொல்வது நடக்கக்கூடியதுதான். தூய எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால்தான் மின்மாற்றிகளை நூறாண்டுக்கும் மேலாக அதில் மூழ்க வைத்திருக்கிறார்கள். 1985இல் வந்த கிரே-2 என்னும் மீக்கணினியின் (சூப்பர் கம்ப்யூட்டர்) சுற்றுப்பலகைகளும் திரவத்தில்தான் மூழ்கியிருந்தன. ஆனால் அது எண்ணெய் அன்று, ஃப்ளோரின் சேர்ந்த செயற்கைத் திரவம். சூடேறிய திரவத்தை இடைவிடாமல் வெளியே எடுத்துக் குளிர்வித்துத் திருப்பி அனுப்ப அதற்குத் தனி ஏற்பாடு இருந்தது.

மீன் தொட்டித் திட்டத்தில் விடுபட்டுப்போவது அந்த ஏற்பாடுதான். எண்ணெய் வெப்பத்தை அழிப்பதில்லை, வாங்கி வைத்துக்கொள்கிறது. ஒரே கன அளவில் காற்றைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைத் தாங்கும் என்பதால், தொடக்கத்தில் எல்லாம் அருமையாகத் தோன்றும். உங்கள் கணினி 300 வாட் இழுக்கிறது, தொட்டியில் 30 லிட்டர் கனிம எண்ணெய் (பெட்ரோலியத்திலிருந்து எடுப்பது) இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், வெளியே கசியும் வெப்பத்தைக் கணக்கில் சேர்க்காதபோது, ஏறக்குறைய இரண்டரை நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் எண்ணெய் சூடேறும். செய்து காட்டுபவர்கள் பெரும்பாலும் முதல் ஒரு மணி நேரத்தைத்தான் காட்டுகிறார்கள். அதன் பிறகு எண்ணெயைச் சுழலவிடும் பம்பும், அதன் சூட்டைக் காற்றில் வெளியேற்றும் ரேடியேட்டரும் இல்லாமல் சமாளிக்க முடியாது. அவை இருந்தாலும், 38 டிகிரி அறையில் எண்ணெய் 38க்குக் கீழே இறங்காது.

தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். எந்தச் சமையல் எண்ணெயும் சூட்டில் நாளடைவில் சிக்கு வாடை எடுத்துப் பிசுபிசுத்துவிடும். தேங்காய் எண்ணெயோ ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறையவும் தொடங்கும். செய்தே தீருவேன் என்றால் நிறமற்ற கனிம எண்ணெய் ஒன்றே வழி. பழைய மின்மாற்றி எண்ணெய் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். அதில் நச்சுச் சேர்மங்கள் கலந்திருக்கக்கூடும். சுழலும் ஹார்ட் டிஸ்க்கை எண்ணெய்க்குள் இறக்கக் கூடாது, பெரும்பாலானவற்றில் மூச்சுத்துளை இருப்பதால் எண்ணெய் உள்ளே புகுந்துவிடும். சுழலும் பாகமே இல்லாத சேமிப்பகமான எஸ்எஸ்டிக்கு அந்தக் கவலை இல்லை. கேபிள்களின் பிவிசி உறை மாதக்கணக்கில் ஊறி விறைத்துப்போகும். எண்ணெய் கம்பி இழைகளின் ஊடே மேலேறி மேசையில் சொட்டும். ஏதேனும் பாகம் பழுதானால், எண்ணெய் வடியும் பலகையை எந்தக் கடைக்காரரும் மகிழ்ச்சியோடு கையில் வாங்கமாட்டார், வாரண்டியும் பெரும்பாலும் செல்லாது.

அரை மணியில் அணைகிறது என்பதைப் பார்த்தால், பிராசசரின் சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகத் தகடுகளான ஹீட் சிங்க்கில் தூசி அடைத்திருக்கிறது, அல்லது இரண்டுக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டது என்றே முதலில் சந்தேகிப்பேன். மின்இணைப்பைத் துண்டித்து, விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு தூசியை ஊதி அகற்றுங்கள்; பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக இடுங்கள். அதன் பிறகும் அணைந்தால், வேலை நடக்கும்போது பிராசசரின் வெப்ப அளவைக் குறித்து எழுதுங்கள்; பவர் சப்ளையில் கோளாறு இருந்தாலும் இதே போல்தான் அணையும்.