துவர்ப்பும் கசப்பும் ஒன்றல்ல: ஒயின் சுவை பற்றி வாசகர் கேள்வி – பதில்

செட்டிநாட்டின் பழைய வீடுகளில் பல இன்று விருந்தினர் விடுதிகளாக இயங்குகின்றன. மேஜைக்கு ஒயின் வந்துவிட்டது, அதைப் பற்றிப் பேசத் தமிழ்ச் சொல்தான் கிடைக்கவில்லை என்று பரிமாறுபவர்களும் விடுதி நடத்துபவர்களும் எழுதியிருக்கிறார்கள். இந்த இதழ் முழுவதும் அந்தக் கேள்விகளுக்கே.

கேள்வி: விடுதியில் ஒயின் அட்டையைத் தமிழில் எழுதச் சொன்னார்கள். 'நெல்லிக்காய் மணம், உலர்ந்த சுவை, நல்ல உடம்பு' என்று எழுதினேன். படித்தவர் யாருக்கும் புரியவில்லை. எங்கே தவறு?
— பரிமாறும் பணியில் இருக்கும் வாசகர், காரைக்குடி

பதில்: மூன்று இடத்திலும் தவறு இருக்கிறது. சாவினியான் பிளாங்க் என்ற வெள்ளை ஒயினுக்கு ஆங்கிலத்தில் சொல்லப்படும் 'கூஸ்பெர்ரி' நம் நெல்லிக்காய் அல்ல. அது ஐரோப்பாவில் முட்செடியில் காய்க்கும் வேறொரு புளிப்புப் பழம். அந்த ஒயினில் உண்மையிலேயே வரும் மணங்களில் ஒன்று நமக்கு நன்றாகத் தெரிந்தது: கொய்யா. பழுத்த கொய்யாவிலும் இந்த ஒயினிலும் ஒரே வகைக் கந்தகச் சேர்மங்கள் இருக்கின்றன. ஆகவே கொய்யா என்றே எழுதுங்கள், கூடவே நறுக்கிய புல் என்றும் சேர்க்கலாம்.

'டிரை' என்பதற்கு ஒயின் உலகில் இனிப்பில்லாதது என்று பொருள். பழச்சாற்றின் சர்க்கரை ஏறக்குறைய முழுவதும் நொதித்துவிட்டது என்பதைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது. ஐரோப்பிய விதிப்படி லிட்டருக்கு 4 கிராமுக்கு மேல் சர்க்கரை மிஞ்சாத ஒயின் இந்த வகை (புளிப்பு போதிய அளவு இருந்தால் 9 கிராம் வரை அனுமதி உண்டு). 'உலர்ந்த' என்று எழுதினால் வாய் உலர்வதாகத்தான் நினைப்பார்கள். அது வேறு விஷயம், அடுத்த கேள்வியில் வருகிறது.

'பாடி' என்பது வாயில் தெரியும் கனம். நீர்மோர், கெட்டி மோர், தயிர் மூன்றையும் நினைத்துக்கொண்டால் போதும். 'இளங்கனம்', 'நடுக்கனம்', 'முழுக்கனம்' என்று மூன்று படி வைத்துக்கொள்ளுங்கள். 'பிளாக் கரண்ட்' என்று வரும் இடத்தில் கருந்திராட்சை என்று எழுதிவிடாதீர்கள். அதுவும் தனிப் பழம். நம்மிடம் அதற்கு நேரான பழம் இல்லை. நிறத்தாலும் துவர்ப்பாலும் கிட்டே நிற்பது நாவற்பழம்.

கேள்வி: சிவப்பு ஒயின் குடித்தவர்கள் 'கசக்கிறது' என்கிறார்கள். அது கசப்புதானா?
— விடுதி நடத்தும் வாசகி, கானாடுகாத்தான்

பதில்: பெரும்பாலும் இல்லை, அது துவர்ப்பு. அறுசுவையில் துவர்ப்புக்குத் தனி இடம் கொடுத்த நம் மொழிக்கு இந்த வேறுபாடு எளிது. கசப்பு நாக்கின் சுவை மொட்டுகளில் உணரப்படுவது. துவர்ப்பு தொடு உணர்வு. எச்சிலில் உள்ள புரதங்களோடு டானின் என்ற துவர்ப்புப் பொருள் ஒட்டிக்கொள்ள, எச்சிலின் வழவழப்பு போய்விடுகிறது. ஈறும் கன்னத்தின் உட்புறமும் இழுத்துப் பிடிப்பது அதனால்தான்.

டானின் திராட்சையின் தோலிலும் விதையிலும் காம்பிலும் இருக்கிறது. சிவப்பு ஒயின் தோலோடும் விதையோடும் சேர்ந்தே நொதிக்கிறது, வெள்ளை ஒயினுக்குப் பழத்தைப் பிழிந்து சாற்றை மட்டும் நொதிக்க விடுகிறார்கள். ஒன்று துவர்ப்பதும் மற்றது துவர்க்காததும் இதனால்தான்.

பயிற்சிக்கு ஒயினே தேவையில்லை. நான்கு கண்ணாடித் தம்ளர்களில் தலா 200 மி.லி. நீர் எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் ஒரு தேக்கரண்டி வெந்தயத்தை இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டுங்கள். இது கசப்பு. இரண்டாவதற்கு நீரைக் கொதிக்கவைத்து இரண்டு தேக்கரண்டி தேயிலைத்தூளைப் போட்டு, ஐந்து நிமிடம் கழித்து வடிகட்டி ஆறவிடுங்கள். பால், சர்க்கரை கூடாது. இது துவர்ப்பு. மூன்றாவதில் நான்கு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு; இது புளிப்பு, ஒயினில் இருக்கும் அளவுக்குக் கிட்டத்தட்ட வரும். நான்காவதில் அதே எலுமிச்சைச் சாற்றோடு இரண்டு தேக்கரண்டி சர்க்கரை. ஒவ்வொன்றையும் ஒரு வாய் எடுத்து, பத்து வினாடி வைத்திருந்து துப்புங்கள். புளிப்பில் நாக்கின் இருபுறமும் எச்சில் ஊறும், துவர்ப்பில் எச்சில் வற்றும். நாக்கால் மேல் ஈற்றைத் தடவிப் பார்த்தால் தேயிலை நீருக்குப் பின் அது சொரசொரக்கும். மூன்றாவதிலும் நான்காவதிலும் புளிப்பின் அளவு ஒன்றுதான், ஆனால் நான்காவதில் அது குறைந்ததுபோலத் தோன்றும். இனிப்பான வெள்ளை ஒயினில் புளிப்பே இல்லை என்று பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

துவர்ப்பு தெரிந்ததும் அதன் தன்மையைச் சொல்லப் பழகுங்கள். கோணிச் சாக்கு போலச் சொரசொரப்பதா, மெருகேறிய ஆத்தங்குடிக் கல்லில் விரல் ஓடுவது போல வழவழப்பானதா? நல்ல சிவப்பு ஒயினைத் தரம் பிரிப்பதில் இந்த ஒரு கேள்விக்குப் பெரிய பங்கு உண்டு. துவர்ப்பு எவ்வளவு என்பதைவிட அது எப்படிப்பட்டது என்பதையே முதலில் எழுத வேண்டும்.

கேள்வி: மணத்தைச் சொல்லும்போது செர்ரி, பிளம், வயலட் என்று சாப்பிட்டும் பார்த்தும் அறியாதவற்றை மனப்பாடம் செய்கிறோம். வேறு வழி இல்லையா?
— வாசகர், தேவகோட்டை

பதில்: இருக்கிறது. உங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியும் அதை ஒட்டிய மசாலா டப்பாக்களும்தான். ஒயினில் வரும் மணங்களில் பல அங்கே இருப்பவைதான். ஒப்புமைக்காகச் சொல்லவில்லை, வேதிப்பொருளே ஒன்றுதான்.

மிளகை எடுத்துக்கொள்வோம். ஷிராஸ் என்ற சிவப்பு ஒயினில் வரும் மிளகு மணத்துக்குக் காரணம் ரோட்டண்டோன் என்ற பொருள் என்று 2008-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டார்கள். நம் மிளகின் மணத்துக்கும் அதே பொருள்தான். அந்தச் சோதனையில் கலந்துகொண்டவர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்கு அந்த மணமே தெரியவில்லை. ஒரே பாட்டிலில் ஒருவர் மிளகு என்றும் மற்றவர் ஒன்றுமில்லை என்றும் சொன்னால் இருவரும் உண்மைதான் சொல்கிறார்கள்.

இலவங்கத்தின் மணப்பொருளான யூஜினால், ஓக் மரப்பீப்பாயிலிருந்து ஒயினுக்குள் இறங்குகிறது. அதே மரத்திலிருந்து தேங்காய் மணமும் வரும். அமெரிக்க ஓக்கில் அது தூக்கலாகவும் பிரெஞ்சு ஓக்கில் அடக்கமாகவும் இருக்கும். கொத்துமல்லி விதையில் நிறைந்திருக்கும் லினலூல்தான் மஸ்கட் வகைத் திராட்சையின் மலர் மணத்துக்கும் முக்கியக் காரணம். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையும் மஸ்கட் இனம்தான். ஒரு கொத்து வாங்கித் தோலை நசுக்கி முகர்ந்து பாருங்கள், மஸ்கட் ஒயினின் மணம் பிடிபட்டுவிடும். கபர்னே சாவினியான் என்ற சிவப்பு ஒயினில் சில வேளை வரும் பச்சை மணம் குடைமிளகாயின் மணமேதான். பழம் போதிய அளவு பழுக்காதபோது அது மிகும்.

வெந்தயம் தனியாகச் சொல்லத் தக்கது. வறுத்த வெந்தயத்தின் மணத்துக்குக் காரணமான சோட்டோலோன், பிரான்ஸின் வான் ஜோன், ஹங்கேரியின் டோக்காய், பழைய மடேரா போன்ற ஒயின்களின் அடையாள மணம். ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் அதற்குக் 'கறிப்பொடி' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். நாம் வெந்தயம் என்றே துல்லியமாகச் சொல்லலாம்.

கல்பாசியும் உதவும். ஆண்டுக்கணக்கில் முதிர்ந்த சிவப்பு ஒயினில் பழ மணம் பின்வாங்கி, ஈர மண், உதிர்ந்த இலை, மரப்பட்டை என்று ஒரு மணம் எழும். எண்ணெயில் போடுவதற்கு முன் கல்பாசியை முகர்ந்தால் அதே திசையில்தான் மனம் போகும். இதில் வேதிப்பொருள் ஒன்றா என்ற பேச்சு இல்லை, ஒப்புமை மட்டுமே.

பயிற்சி இப்படி: மிளகு, இலவங்கம், சோம்பு, அன்னாசிப்பூ, கல்பாசி, கொத்துமல்லி, வறுத்த வெந்தயம், துருவிய தேங்காய், வெண்ணெய் ஆகியவற்றைத் தனித்தனிக் கிண்ணங்களில் வையுங்கள். மசாலாக்களை அப்போதுதான் லேசாக இடிக்க வேண்டும், பழைய பொடி உதவாது. கிண்ணத்தைத் துணியால் மூடி, இன்னொருவரை வரிசை மாற்றித் தரச் சொல்லி, பார்க்காமல் பெயர் சொல்லுங்கள். தினமும் சமைக்கும் ஆச்சிமாரும் முதல் நாள் இரண்டு மூன்றைத் தவறவிடலாம். கண் உதவாதபோது பெயர் நினைவுக்கு வருவது கடினம். மூக்குக்குத் தெரியும், நாவில் சொல் வராது. ஒரு வாரம் செய்தால் வந்துவிடும்.

கேள்வி: வெள்ளி டம்ளரில் ஒயின் கொடுக்கலாமா? எவ்வளவு குளிர்ச்சி வேண்டும்?
— வாசகி, கண்டனூர்

பதில்: வெள்ளி டம்ளரில் நிறம் தெரியாது, வாய் விரிந்திருப்பதால் மணமும் நிற்காது. ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் ஊற்றவே கூடாது. ஒயினின் புளிப்பு உலோகத்தைக் கரைக்கும். அடி அகன்று வாய் குறுகிய மெல்லிய கண்ணாடிக் கோப்பைதான் சரி. சுவைக்க 50 மி.லி. போதும், கோப்பையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறக்கூடாது. அந்துருண்டை போட்ட அலமாரியில் கோப்பையை வைத்தால் எந்த ஒயினும் அந்துருண்டையாகத்தான் மணக்கும். வெந்நீரில் கழுவிக் கவிழ்த்து வைத்து, ஊற்றும் முன் வெறும் கோப்பையை ஒருமுறை முகர்ந்துவிடுங்கள்.

'சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாறு' என்பது குளிர்நாட்டு வீடுகளுக்குச் சொன்னது. காரைக்குடிப் பக்கத்து அறையில் அதே ஒயினை ஊற்றினால் ஆல்கஹாலின் நெடி மட்டுமே எழும். சிவப்புக்கு 16–18 டிகிரி செல்சியஸ், வெள்ளைக்கு 8–12. வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர் நிரப்பிப் பாட்டிலைக் கழுத்துவரை அமிழ்த்துங்கள். சிவப்புக்கு 10–12 நிமிடம், வெள்ளைக்கு 25 நிமிடம் போதும். வெறும் ஐஸ் கட்டி மட்டும் போட்டால் இடையில் காற்று நின்று குளிர்வது தாமதமாகும். ஃப்ரிட்ஜில் என்றால் சிவப்புக்கு ஒன்றரை மணி நேரம். மிகக் குளிர்ந்தாலும் கேடுதான்: மணம் அடங்கிவிடும், சிவப்பில் துவர்ப்பு முரட்டுத்தனமாகத் தெரியும்.

சுவைக்கும் முறை: கோப்பையை வெள்ளைத் தாளின் மேல் சாய்த்து நிறம் பாருங்கள். வண்ணக் கண்ணாடிச் சன்னல் பக்கம் வேண்டாம். இளம் சிவப்பு ஒயினின் ஓரம் நாவல் நிறத்தில் இருக்கும், முதிர முதிரச் செங்கல் நிறமாகும். வெள்ளை ஒயின் முதிர்ந்தால் நிறம் ஏறும். பிறகு சுழற்றாமல் ஒருமுறை, சுழற்றி ஒருமுறை முகருங்கள். ஒரு வாய் எடுத்து, உதட்டிடுக்கில் சிறிது காற்றை உறிஞ்சி, வாய் முழுவதும் படரவிட்டுத் துப்புங்கள். வீட்டில் பழைய படிக்கம் இருந்தால் அதற்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை. பல ஒயின்களை வரிசையாகச் சுவைப்பவர்கள் விழுங்குவதில்லை. துப்பிய பின் சுவை எத்தனை வினாடி நிற்கிறது என்று எண்ணுங்கள். உயர்ந்த ஒயினில் அது நீண்டு நிற்கும்.

வெற்றிலை பாக்கு போட்டிருந்தால் ஒரு மணி நேரம் பொறுங்கள். பாக்கின் துவர்ப்பு வாயில் இருக்கும்போது எந்தத் தீர்ப்பும் செல்லாது. சாம்பிராணிப் புகை, தலையில் மல்லிகை, பக்கத்து அடுப்பில் தாளிப்பு மூன்றும் இல்லாத நேரமாகப் பாருங்கள்.

கேள்வி: கோப்பையின் உட்புறம் கோடுகோடாக வழிந்தால் உயர்ந்த ஒயினா?
— வாசகர், பள்ளத்தூர்

பதில்: இல்லை. ஆல்கஹால் நீரைவிட வேகமாக ஆவியாவதால் ஏற்படும் பரப்பு இழுவிசை வேறுபாடு அது. ஆல்கஹால் கூடுதல் என்பதற்கு மேல் அதில் செய்தி இல்லை.

கேள்வி: பாட்டில் கெட்டுவிட்டதா, அதன் இயல்பே அப்படியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— வாசகர், காரைக்குடி

பதில்: மழையில் நனைந்த அட்டைப்பெட்டி மணமா? தக்கையில் பூஞ்சையால் உருவான டி.சி.ஏ. என்ற பொருளின் வேலை. உடலுக்குத் தீங்கில்லை, ஆனால் சரிசெய்ய முடியாது. மாற்றித் தருவதே முறை. நகப்பூச்சு அல்லது காடி நெடி என்றால் பாக்டீரியா புகுந்துவிட்டது. வெட்டி வைத்துக் கறுத்த ஆப்பிள் மணமும் மங்கிய பழுப்பு நிறமும் இளம் வெள்ளை ஒயினில் வந்தால் காற்று பட்டுவிட்டது. அழுகிய முட்டை நாற்றம் மட்டும் சில வேளை நீங்கும்: கோப்பையில் ஊற்றி நன்கு சுழற்றி ஐந்து நிமிடம் விடுங்கள். போகாவிட்டால், அதே ஒயினை வேறொரு கோப்பையில் ஊற்றி, துலக்கிய செம்புக் கரண்டியால் சிறிது நேரம் கலக்கி முகர்ந்து பாருங்கள். நாற்றம் மறைந்தால் அது கந்தகச் சேர்மத்தால் வந்த குறை என்று உறுதி. செம்பு பட்ட அந்தக் கோப்பையைக் கொட்டிவிடுங்கள்.

நம் ஊரில் அதிகம் நேர்வது வெப்பத்தால் வரும் கேடு. தக்கை மேலே தள்ளி நிற்கும், கழுத்தில் பிசுபிசுப்பு இருக்கும், பழ மணம் போய்க் காய்ச்சிய ஜாம் போல மணக்கும். கனத்த சுண்ணாம்புச் சுவர் அறை வெளியைவிடக் குளிர்ச்சிதான், ஆனாலும் ஒயினுக்கு வேண்டிய 12–15 டிகிரி அங்கே கிடைக்காது. வெயில் காலத்தில் மொத்தமாக வாங்கிப் பத்தயத்தில் அடுக்கி வைக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் சமையலுக்கு எந்த ஒயின் ஒத்துப்போகும்?
— விடுதிச் சமையல் பொறுப்பாளர், கானாடுகாத்தான்

பதில்: மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் கூட்டும், துவர்ப்பும் அதை முரடாக்கும். வரமிளகாய் தூக்கலான உப்புக்கறிக்கு 14.5 சதவீத ஆல்கஹாலுள்ள கனத்த சிவப்பு ஒயினைக் கொடுப்பது விருந்தினருக்குத் துன்பம்தான். ஆல்கஹால் குறைந்த, இலேசான இனிப்புள்ள, நன்கு குளிர்ந்த வெள்ளை ஒயின் கொடுங்கள்: ரீஸ்லிங், அல்லது நாசிக்கில் விளையும் செனின் பிளாங்க். மிளகாயைக் குறைத்து மிளகை முன்னிறுத்திய வறுவலுக்கு ஷிராஸ் பொருந்தும். தேங்காயும் முந்திரியும் அரைத்த வெள்ளைக் குருமாவுக்குப் பீப்பாயில் வளர்ந்த ஷார்டனே என்ற வெள்ளை ஒயின் அழகாகச் சேரும். நண்டு, மீனுக்குச் சிவப்பு ஒயின் வேண்டாம். அதிலுள்ள இரும்புச்சத்து மீன் கொழுப்போடு சேர்ந்து வாயில் கவுச்சி அடிக்க வைக்கும். புளிக்குழம்புக்கு அதே அளவு புளிப்புள்ள ஒயின் இல்லையென்றால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். கந்தரப்பத்துக்கு அதைவிட இனிப்பான ஒயின் வேண்டும், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: திறந்த பாட்டில் எத்தனை நாள் தாங்கும்?
— வாசகி, தேவகோட்டை

பதில்: மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால், சிவப்போ வெள்ளையோ, இரண்டு மூன்று நாள். பாதி மிஞ்சினால் 375 மி.லி. சிறு பாட்டிலில் விளிம்புவரை ஊற்றி மூடுங்கள், காற்று குறைவதால் இன்னும் ஓரிரு நாள் கூடும். சிவப்பைப் பரிமாறுவதற்கு அரை மணி முன்பு வெளியே எடுத்து வையுங்கள். கோடையில் 15 நிமிடமே போதும்.