ஏழு ஆண்டுத் தண்டனை மூன்றரை ஆண்டில் முடியுமா?

கேள்வி: நாங்கள் காசிமேட்டில் இருக்கிறோம். என் தம்பிக்கு வழிப்பறி வழக்கில் 7 ஆண்டு கடுங்காவலும் 5,000 ரூபாய் அபராதமும், கட்டத் தவறினால் மேலும் 6 மாதச் சிறையும் விதித்தார்கள். அபராதத்தை இன்னும் கட்டவில்லை. சென்ற மாதம் வேறொரு நீதிமன்றத்தில் திருட்டு வழக்கில் 3 ஆண்டு. முதல் தீர்ப்புக்கு முன்பே, குண்டர் சட்டத்தில் இருந்ததையும் சேர்த்து 14 மாதம் புழல் சிறையில் கழித்துவிட்டான். எல்லாம் எதிர்க்கோஷ்டி செய்த சதி. பகலும் இரவும் தனித்தனி நாளாகக் கணக்காகும், மூன்றரை ஆண்டில் வந்துவிடுவான் என்கிறார்கள். பக்கத்துத் தெருக்காரரின் கையை முறித்ததாக 2022 முதல் இன்னொரு வழக்கும் நிலுவையில் இருக்கிறது. அவர் மருத்துவச் செலவு கேட்டு ஆள் அனுப்புகிறார். பொய் வழக்குக்கு நாங்கள் ஏன் பணம் தர வேண்டும்?

பதில்: பகல் ஒரு நாள், இரவு ஒரு நாள் என்று எண்ணும் சட்டம் எதுவும் இல்லை. சிறையிலும் ஒரு நாள் என்பது 24 மணி நேரம்தான். இந்தப் பேச்சை நம்பி மேல்முறையீட்டுக் கெடுவைக் கோட்டைவிட்ட குடும்பங்கள் வடசென்னையில் ஏராளம். எதிர்க்கோஷ்டியின் சதி பற்றி மேல்முறையீட்டில் வாதாடலாம். நாள் கணக்கில் அது ஒரு மணி நேரத்தைக்கூடக் குறைக்காது.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றுதான் எனக்குத் தேவை. அந்த 14 மாதங்களில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்த வழக்கில் அவர் ரிமாண்டில் இருந்தார்? குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 428, இன்றைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 468, இரண்டும் சொல்வது ஒன்றே: அதே வழக்கின் விசாரணைக்காக உள்ளே இருந்த நாட்களை மட்டுமே அந்த வழக்கின் தண்டனையில் கழிக்கலாம்.

குடும்பங்கள் விழும் பள்ளம் இங்கேதான். குண்டர் சட்டத்தில் அடைத்த பிறகும், வழிப்பறி வழக்கில் ஜாமீன் வாங்கி, அவசர அவசரமாக ஜாமீன்தாரர்களையும் நிறுத்திவிடுவார்கள். ஆள் வெளியே வருவதில்லை. குண்டர் சட்டம் பிடித்துவைத்திருக்கிறது. ஆனால் அந்த நாளோடு வழிப்பறி வழக்கின் ரிமாண்ட் முடிந்துவிடும். அதன்பின் உள்ளே இருந்த மாதங்கள் தடுப்புக் காவல், அதாவது வழக்கு விசாரணைக்காக அல்லாமல் முன்னெச்சரிக்கையாக அடைத்துவைத்தது. அவற்றை எந்தத் தண்டனையிலும் கழிக்க முடியாது. ஜாமீன் உத்தரவு மட்டும் வாங்கி, ஜாமீன்தாரர்களை நிறுத்தாமல் இருந்திருந்தால் ரிமாண்ட் தொடர்ந்திருக்கும். அந்த நாட்கள் தம்பியின் கணக்கில் சேரும். திருட்டு வழக்கிலும் இதே கதைதான். பி.டி. வாரண்டில் (வேறு வழக்கில் சிறையில் இருப்பவரை நீதிமன்றத்துக்குக் கொண்டுவரும் உத்தரவு) அழைத்துப்போய் அந்த வழக்கில் முறையாக ரிமாண்ட் செய்திருக்க வேண்டும். அப்படிச் செய்திருந்தாலும், வழிப்பறியில் தண்டனைக் கைதியான பிறகு கழிந்த நாட்கள் திருட்டு வழக்கில் கழிக்கப்படும் என்று நம்பியிருக்க முடியாது; இதில் தீர்ப்புகள் ஒன்றுபோல் இல்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து இரண்டாவது தீர்ப்பில் இருக்கலாம். 'ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும்' என்ற வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். நீதிபதி எதுவும் சொல்லாமல் விட்டிருந்தால், 7 ஆண்டு முடிந்த பிறகே 3 ஆண்டு தொடங்கும். ஆக மொத்தம் 10. முதல் தண்டனை இருப்பதை நீதிபதியிடம் யாரும் எடுத்துச் சொல்லாததால் அந்த வரி விடுபட்டுப்போன தீர்ப்புகளை நான் பார்த்திருக்கிறேன். வயிறு எரியும். நீதிமன்றம் விரும்பினால் தரும் உத்தரவு அது, உரிமை அல்ல. சம்பந்தமில்லாத இரண்டு சம்பவங்கள் என்றால் எளிதில் தரமாட்டார்கள். ஆனாலும் கேட்க வேண்டும். செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு என்றால் 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு என்றால் 60 நாள். உங்களுக்கு அந்த நாட்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

நன்னடத்தைக்கும் சிறை வேலைக்கும் தண்டனைக் குறைப்பு உண்டு. சிறைக்குள் ஒரு சண்டை போட்டால் அது பறிபோகலாம். ஆகவே இப்போதே கழித்து எண்ணாதீர்கள். அண்ணா பிறந்தநாள் விடுதலை யாருக்குக் கிடைக்கும் என்பது அவ்வப்போது வரும் அரசாணையைப் பொறுத்தது.

அபராதத்தைக் கடன் வாங்கியாவது உடனே கட்டுங்கள். 5,000 ரூபாய்க்காக 6 மாதம் கூடுதல் சிறை! விசாரணைக் காலத்தை அதில் கழிக்கவும் முடியாது, மற்ற தண்டனையோடு சேர்ந்தும் அது ஓடாது.

கடைசியாக, கை முறிந்தவர். பணத்தைக் கொடுத்து முடியுங்கள். குற்றப்பத்திரிகையில் இருப்பது இந்திய தண்டனைச் சட்டம் 325 என்றால் 7 ஆண்டு வரை தண்டிக்கலாம். அதுவும் இந்த 10 ஆண்டின் தலையில் ஏறலாம். நீதிமன்ற அனுமதியோடு காயம்பட்டவரே சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றம் அது. முடிந்தால் விடுதலைக்குச் சமம். பொய் வழக்கு என்று நிரூபிக்கும் பெருமைக்காகத் தம்பியின் ஆண்டுகளைப் பணயம் வைக்காதீர்கள். ஆனால் தெருவில் பணத்தைக் கொடுத்து, பத்திரத்தில் கையெழுத்து வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டால் வழக்கு முடியாது. அவர் நீதிமன்றத்துக்கு வந்து, கூட்டு மனுவில் கையெழுத்திட்டு, நீதிபதி முன் சம்மதம் சொல்லும் அன்றுதான் பணம் கைமாற வேண்டும்.